விலையும் மாண்பும்: இம்மானுவேல் காண்ட்

நுழையும்முன்

சந்தைக்கு வரும் பொருளுக்கு விலை உண்டு. வேலைக்கு வரும் மனிதருக்குக் கூலி உண்டு. அவ்வாறாயின் மனிதருக்கும் விலை உண்டா? கற்றவருக்கு ஒரு மதிப்பு, கல்லாதவருக்கு ஒரு மதிப்பு. உழைக்க வல்லவருக்கு ஒரு மதிப்பு, நோயுற்றவருக்கு ஒரு மதிப்பு என மனிதரை அளந்துவிட முடியுமா? மனிதன் என்பவன் யார் என்னும் கேள்வியோடு பிணைந்த இவ்வினாவுக்கு ஆழ்ந்த விடை கண்டவர், ஜெர்மானிய மெய்யியல் அறிஞர் இம்மானுவேல் காண்ட். அவருடைய வாழ்வையும் சிந்தனையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பட்டறையில் தொடங்கிய வாழ்வு

பால்டிக் கடலை ஒட்டிய பிரஷ்யாவில், பிரேகல் ஆற்றங்கரையில் அமைந்த துறைமுக நகரம் கோனிக்ஸ்பர்க். ஜெர்மானியர், போலந்து நாட்டவர், லித்துவேனியர், ரஷ்யர், ஆங்கிலேய வணிகர் எனப் பல மொழி பேசுவோர் அந்நகரின் தெருக்களில் நடமாடினர். அங்கே 1724ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் இம்மானுவேல் காண்ட் பிறந்தார். தந்தை யோகான் கியோர்க் காண்ட், குதிரைகளுக்கான தோல்வார்களைச் செய்து விற்கும் கைவினைஞர். தாய் அன்னா ரெகினா. குடும்பத்தில் செல்வம் இல்லை. ஆனால் உழைப்பும் நேர்மையும் இறைப்பற்றும் இருந்தன.

அக்காலத்தில் அந்நகரில் தோல்வார் செய்வோருக்கும் சேணம் செய்வோருக்கும் இடையே தொழில் உரிமை குறித்துப் பூசல் எழுந்தது. அதனால் காண்ட்டின் தந்தைக்கு வருவாய் இழப்பு நேர்ந்தது. ஆயினும் தம் பிழைப்பைக் கெடுத்தவர்களைப் பற்றி வீட்டில் பேசும்போதுகூடப் பெற்றோர் பழிச்சொல் கூறவில்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் எண்ணிப் பார்த்தே பேசினர். சிறுவயதில் கண்ட இக்காட்சியைக் காண்ட் முதுமையிலும் மறக்கவில்லை. எதிராளியும் மதிக்கத்தக்க மனிதரே என்பதை நூல்களில் படிப்பதற்கு முன்பே அவர் தம் வீட்டில் கற்றுக்கொண்டார்.

தாய் மகனை நகருக்கு வெளியே அழைத்துச் செல்வார். செடிகொடிகளின் பெயரையும் பயனையும் சொல்லிக்கொடுப்பார். இரவு வானத்தைக் காட்டித் தமக்குத் தெரிந்தவற்றை விளக்குவார். அத்தாய் 1737ஆம் ஆண்டில், காண்ட்டின் 13ஆம் வயதில் இறந்தார். நோயுற்ற தோழி ஒருவருக்குப் பணிவிடை செய்தபோது அந்நோய் தொற்றியே அவர் மறைந்தார் என்று காண்ட் பிற்காலத்தில் நண்பர்களிடம் கலங்கிய கண்களுடன் கூறியுள்ளார்.

கல்வியும் வறுமையும்

சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்ட சமயப் போதகர் பிரான்ஸ் ஆல்பர்ட் ஷூல்ட்ஸ், அவரை நல்ல பள்ளியில் சேர்க்க உதவினார். 1732 முதல் 1740 வரை அப்பள்ளியில் பயின்ற காண்ட், இலத்தீன் மொழியில் சிறந்து விளங்கினார். ஆனால் அச்சுறுத்தியும் கட்டாயப்படுத்தியும் சமய ஒழுக்கத்தைப் புகட்டும் அப்பள்ளியின் முறை அவருக்கு ஆறாத வடுவாயிற்று. அச்சத்தால் விளையும் நல்லொழுக்கம் உண்மையான நல்லொழுக்கம் ஆகாது என்று அவர் பின்னாளில் கருதியதன் வேர் அப்பள்ளி நாள்களிலும் இருந்தது எனலாம்.

1740ஆம் ஆண்டு கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆசிரியர் மார்ட்டின் குனுட்சன் அவருக்கு நியூட்டனின் இயற்பியலை அறிமுகப்படுத்தினார். 1746ஆம் ஆண்டு தந்தையும் இறந்தபின் குடும்பம் தளர்ந்தது. காண்ட் சில ஆண்டுகள் அருகிலுள்ள ஊர்களில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்துப் பிழைத்தார். 1755ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். அப்பணிக்கு ஊதியம் கிடையாது. வகுப்புக்கு வரும் மாணவர் செலுத்தும் கட்டணமே வருவாய். எனவே தருக்கம், கணிதம், இயற்பியல், புவியியல், அறவியல் எனப் பல பாடங்களை நாள்தோறும் பல மணி நேரம் கற்பித்தார். இந்நிலை 15 ஆண்டுகள் நீடித்தது. 1770ஆம் ஆண்டில்தான் அவர் பேராசிரியர் ஆனார்.

தெரிந்து தெளிவோம்

காண்ட் தம் வாழ்நாள் முழுவதையும் கோனிக்ஸ்பர்க்கிலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலுமே கழித்தார். ஆயினும் பயண நூல்களை ஆர்வத்துடன் படித்துப் புவியியல் கற்பித்தார். ஒருமுறை இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் அமைப்பை அவர் விவரிக்கக் கேட்ட ஆங்கிலேயர் ஒருவர், அவர் இலண்டனில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்று வியந்து வினவினார் என்பர்.

அகன்றது அறிவுச் செருக்கு

இளம் காண்ட்டுக்கு அறிவின் மீது தீராத வேட்கை இருந்தது. மனித இனத்துக்குப் பெருமை சேர்ப்பது அறிவு ஒன்றே என்று அவர் எண்ணினார். அதனால் எதுவும் கல்லாத எளிய மக்களை ஏளனமாக நோக்கினார். தோல்வார்ப் பட்டறையில் பிறந்தவரே உழைக்கும் மக்களைத் தாழ்வாக எண்ணும் நிலைக்கு வந்திருந்தார். கல்வி ஒருவரை உயர்த்தும்போதே அவர் பார்வையைக் குறுக்கிவிடவும் கூடும் என்பதற்கு இது சான்று.

அச்செருக்கை அகற்றியவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய சிந்தனையாளர் ரூசோ. 1762ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய எமிலி என்னும் நூலில் ஆழ்ந்துபோன காண்ட், ஒருநாளும் தவறாத தம் மாலை நடையையே மறந்துவிட்டார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. தம் நூல் ஒன்றின் படியில் காண்ட் தமக்காக எழுதி வைத்த குறிப்பில் இம்மாற்றத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டுள்ளார். ரூசோ தம்மைத் திருத்தினார் என்றும், மனிதரை மதிக்கத் தாம் கற்றுக்கொண்டதாகவும், மனித உரிமைகளை நிலைநாட்டத் தம் ஆய்வு உதவாவிடில் சாதாரணத் தொழிலாளியைவிடத் தாம் பயன் குறைந்தவரே என்றும் அதில் குறித்துள்ளார். அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரே படம் ரூசோவின் படமே.

நான்கு வினாக்கள்

பேராசிரியர் ஆனபின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் காண்ட் பெரிய நூல் எதையும் வெளியிடவில்லை. அந்த நெடிய மௌனத்தின் பயனாக 1781ஆம் ஆண்டு தூய அறிவின் திறனாய்வு என்னும் நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 57. தொடர்ந்து 1788ஆம் ஆண்டும் 1790ஆம் ஆண்டும் மேலும் இரு திறனாய்வு நூல்கள் வெளிவந்தன. இம்மூன்றும் ஐரோப்பிய மெய்யியலின் போக்கையே மாற்றின.

மனிதன் எதை அறிய முடியும், எதைச் செய்ய வேண்டும், எதை எதிர்நோக்கலாம் என்ற மூன்று வினாக்களுக்குள் மெய்யியலின் பரப்பைக் காண்ட் அடக்கினார். இம்மூன்றும் மனிதன் என்பவன் யார் என்ற நான்காம் வினாவில் சென்று சேர்வதாகக் கருதினார். மனிதனும் இயற்கையின் ஒரு பகுதியே. பசி, அச்சம், ஆசை ஆகியவை அவனையும் இழுக்கின்றன; புவியீர்ப்பு விசைக்கு அவன் உடலும் கட்டுப்பட்டதே. ஆயினும் பசித்தவன் தன் முன்னுள்ள பிறர் உணவைத் தொடாமல் விலகி நிற்க முடியும். பொய் சொன்னால் தப்பலாம் என்னும் நிலையிலும் உண்மையைச் சொல்ல முடியும். இது தகும், இது தகாது எனத் தனக்குத் தானே விதி வகுத்துக்கொண்டு அதன்படி நடக்கும் இவ்வாற்றலையே காண்ட் விடுதலை என்றார். விரும்பியதையெல்லாம் செய்வது அவர் நோக்கில் விடுதலை அன்று. அது விருப்பத்துக்கு அடிமையாதல் ஆகும்.

விலையும் மாண்பும்

இச்சிந்தனை 1785ஆம் ஆண்டு வெளிவந்த அறவியலின் அடிப்படை பற்றிய சிறு நூலில் முழு வடிவம் பெற்றது. உலகில் உள்ளவற்றைக் காண்ட் இரு வகையாகப் பிரித்தார். ஒன்றுக்குப் பதிலாக அதற்கு ஈடான மற்றொன்றை வைக்க முடியுமாயின் அதற்கு விலை உண்டு. பழைய நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கலாம். எதற்கு ஈடாக எதையும் வைக்க முடியாதோ அதற்கு இருப்பது விலை அன்று, மாண்பு. மனிதர் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தவர். ஒருவரின் இடத்தில் மற்றொருவரை வைத்து இழப்பை நேர்செய்துவிட முடியாது. ஒருவரின் திறமைக்கும் உழைப்புக்கும் சந்தையில் விலை இருக்கலாம். அவருக்கு விலை இல்லை.

இதிலிருந்து ஓர் அறநெறி பிறக்கிறது. எந்த மனிதரையும், தம்மையும்கூட, வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது. இதனை விளக்கக் காண்ட் அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தந்தார். திருப்பித் தரும் எண்ணமே இன்றி, தருவதாக உறுதிகூறி ஒருவர் கடன் வாங்குகிறார். கடன் கொடுப்பவர் உண்மையை அறிந்தால் உடன்படமாட்டார். எனவே அவருடைய பணத்தோடு, தாமாக முடிவெடுக்கும் அவருடைய உரிமையும் பறிக்கப்படுகிறது. அவர் ஒரு கருவியாக ஆக்கப்படுகிறார்.

மற்றோர் எடுத்துக்காட்டு கடைக்காரர் பற்றியது. விலை அறியாத குழந்தை வந்தாலும் அவர் சரியான விலைக்கே பொருளை விற்கிறார். அச்செயல் நல்லதே. ஆனால் ஏமாற்றினால் வணிகம் கெடும் என்ற கணக்கு மட்டுமே அதற்குக் காரணமாயின் அதில் அற மதிப்பு இல்லை. ஏமாற்றுவது தகாது என்பதற்காகவே அவர் அவ்வாறு நடந்தால் அச்செயல் அறச்செயல் ஆகும். செயலின் விளைவைவிட அதன் பின்னுள்ள மனவுறுதியையே காண்ட் நோக்கினார்.

நாம் நாள்தோறும் பிறருடைய உதவியைப் பெற்றே வாழ்கிறோம். பேருந்து ஓட்டுநர் நம்மை ஊர் சேர்க்கிறார். துப்புரவுப் பணியாளர் தெருவைத் தூய்மை செய்கிறார். அவர்தம் பணியைப் பெறுவதைக் காண்ட் தவறு என்று கூறவில்லை. பணியை மட்டும் கண்டு, பணி செய்பவரைக் காணாமல் விடுவதே தவறு. அதேபோல் பிறர் முன் தம்மைத் தாழ்த்திக்கொண்டு குழைந்து நிற்பதையும் அவர் ஏற்கவில்லை. தம் மாண்பைக் காப்பது ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஆற்ற வேண்டிய கடமை என்றார்.

அரசாணையும் மனச்சான்றும்

தாமாகச் சிந்திக்கும் துணிவே அறிவொளியின் அடையாளம் என்பதை 1784ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் காண்ட் வலியுறுத்தினார். சோம்பலாலும் அச்சத்தாலும் மக்கள் தமக்காகச் சிந்திக்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிடுகின்றனர் என்று வருந்தினார். அத்துணிவுக்கு அவருக்கே ஒரு சோதனை வந்தது. சமயத்தை அறிவின் நோக்கில் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1793ஆம் ஆண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டே மன்னர் இரண்டாம் பிரெடரிக் வில்லியமின் பெயரால் கண்டனக் கடிதம் வந்தது. சமயம் பற்றி இனி இவ்வாறு எழுதினால் விரும்பத்தகாத விளைவுகளைச் சந்திக்க நேரும் என அது எச்சரித்தது.

அப்போது காண்ட்டுக்கு வயது 70. அவர் தம் கருத்தைத் திரும்பப் பெறவில்லை. அதே வேளையில், அம்மன்னரின் குடிமகன் என்ற முறையில் சமயம் பற்றிப் பொதுவில் பேசுவதைத் தவிர்ப்பதாக வாக்களித்தார். சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் எல்லா உண்மையையும் எப்போதும் வெளியிட வேண்டும் என்பதில்லை என்பது அவர் நிலைப்பாடு. 1797ஆம் ஆண்டு அம்மன்னர் இறந்ததும் வாக்குறுதியின் காலம் முடிந்ததெனக் கருதி மீண்டும் எழுதினார்.

கொள்கையின் ஒளியும் காலத்தின் நிழலும்

மனிதர் அனைவருக்கும் மாண்பு உண்டு என்று கூறிய காண்ட், அதனை எல்லா இடத்திலும் கடைப்பிடித்தாரா? இல்லை என்பதே நேர்மையான விடை. மனித இனங்கள் பற்றி எழுதியபோது ஆப்பிரிக்க மக்களையும் அமெரிக்கப் பழங்குடியினரையும் தாழ்த்தி எழுதினார். பெண்களுக்கும் பிறரிடம் வேலை செய்து பிழைப்போருக்கும் அரசியலில் வாக்களிக்கும் தகுதியை மறுத்தார். தம் காலத்தின் தப்பெண்ணங்களைத் தம் கொள்கையின் ஒளியில் அவர் முழுமையாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

எனினும் அவர் சிந்தனை ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. 1795ஆம் ஆண்டு வெளியிட்ட நிலையான அமைதி பற்றிய நூலில் ஐரோப்பிய நாடுகளின் குடியேற்ற ஆதிக்கத்தைக் கடுமையாகச் சாடினார். வணிக நிலையம் அமைப்பதாகக் கூறி இந்தியாவுக்குள் படைகளைக் கொண்டுவந்து மக்களை ஒடுக்கியதை அவர் வெளிப்படையாகக் குறிப்பிட்டார். கரும்புத் தோட்டத் தீவுகளில் நிலவிய அடிமைமுறையின் கொடுமையையும் கண்டித்தார். அவர் வகுத்த அளவுகோல் அவரையே அளந்து குறைகாணும் வலிமை பெற்றிருந்தது. பிற்காலத்தில் அடிமைமுறையையும் பெண்ணடிமையையும் எதிர்த்தவர்களுக்கு அந்த அளவுகோல் துணைநின்றது.

மறதியிலும் மறையாத பண்பு

காண்ட்டின் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். முன்னாள் படைவீரரான பணியாளர் லாம்பே அவரை எழுப்புவார். காலையில் வகுப்பு, நண்பகலில் நண்பர்களோடு உணவு, பின்னர் நடை, இரவு பத்து மணிக்கு உறக்கம் எனக் கடிகாரம்போல் வாழ்ந்தார். 1796ஆம் ஆண்டு கற்பித்தலை நிறுத்தினார். அதன்பின் நினைவாற்றல் மெல்லக் குன்றியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடனிருந்த லாம்பேயின் நடத்தை சீர்கெட்டதால் 1802ஆம் ஆண்டு அவரைப் பணியிலிருந்து விலக்க நேர்ந்தது. ஆனாலும் அவருக்கு வாழ்நாள் உதவித்தொகை அளித்தார். பழகிய பெயர் நாவில் வந்துகொண்டே இருந்ததால், லாம்பேயை மறக்க வேண்டும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

காண்ட்டின் கொள்கைக்கு எதிராக எழும் கடினமான வினா இங்கேதான் உயிர்பெறுகிறது. மனித மாண்பு அறிவிலிருந்தும் அறத்தைத் தேரும் ஆற்றலிலிருந்தும் பிறக்கிறதெனில், அறிவு முதிராத குழந்தைக்கும் அறிவு மங்கிய முதியவருக்கும் மாண்பு இல்லையா? குழந்தையைக் குறித்து அவர் 1797ஆம் ஆண்டிலேயே விடை கூறியிருந்தார். பிள்ளை பெற்றோரின் உடைமை அன்று. பிறந்த பொழுதிலிருந்தே உரிமையுடைய மனிதப் பிறவி என்றார். முதுமையைக் குறித்த விடையை அவருடைய இறுதி நாள்கள் உணர்த்தின. எழுதவும் படிக்கவும் இயலாமல், பேச்சும் தடுமாறிக் கிடந்த அவரை, நண்பர் வாசியான்ஸ்கி பொறுமையோடு பேணினார். தங்கை ஒருவரும் உடனிருந்து பணிவிடை செய்தார். அப்போது அவரால் யாருக்கும் எப்பயனும் இல்லை. ஆயினும் அவர் மதிப்பில் அணுவளவும் குறையவில்லை.

இறப்பதற்கு ஒன்பது நாள்களுக்கு முன் மருத்துவர் வந்தார். காண்ட் உடல் நடுங்க எழுந்து நின்றார். உட்காருமாறு வேண்டியும் அமரவில்லை. தொடர்பற்ற சொற்களை முணுமுணுத்தார். மருத்துவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்த விருந்தினர் அமராமல் தாம் அமர்வது முறையன்று என அவர் எண்ணுவதை வாசியான்ஸ்கி உணர்ந்து கூறினார். மருத்துவர் அமர்ந்தபின்பே காண்ட் அமர்ந்தார். பின்னர் வலிமையைத் திரட்டி, மனிதத்தை மதிக்கும் உணர்வு தம்மை இன்னும் விட்டு நீங்கவில்லை என்ற பொருளில் பேசினார். மருத்துவரின் கண்கள் கலங்கின. நினைவு விடைபெற்ற பின்னும் பிறரை மதிக்கும் பண்பு அவரிடம் எஞ்சி நின்றது.

1804ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் காண்ட் மறைந்தார். கடுங்குளிரில் நிலம் உறைந்திருந்ததால் பதினாறு நாள்களுக்குப் பின்பே உடல் அடக்கம் நடைபெற்றது. அவ்விறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

நிலைத்த சிந்தனை

இரண்டாம் உலகப்போரில் கோனிக்ஸ்பர்க் பெரிதும் அழிந்தது. இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராடு நகரம். அங்குள்ள பேராலயத்தை ஒட்டிக் காண்ட்டின் கல்லறை இன்றும் நிற்கிறது. அப்போரில் இலட்சக்கணக்கான மனிதர்கள் எண்களாகவும் கருவிகளாகவும் ஆக்கப்பட்டு அழிக்கப்பட்டனர். அக்கொடுமையைக் கண்டபின் உலகம் மீண்டும் மாண்பு என்னும் சொல்லைத் தேடியது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனம் மனித மாண்பை முன்னிறுத்தித் தொடங்குகிறது. 1949ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஜெர்மனியின் அடிப்படைச் சட்டமும் தன் முதல் பிரிவிலேயே மனித மாண்புக்குக் காவல் அமைத்தது.

மதிப்பெண், ஊதியம், பதவி, உடல் வலிமை ஆகியவற்றால் மனிதரை அளக்கும் பழக்கம் இன்றும் மறையவில்லை. இவை அனைத்தும் ஒருவரிடம் உள்ளவற்றைக் காட்டுமேயன்றி, அவர் யார் என்பதைக் காட்டா. எதிரே நிற்பவர் யாராயினும் அவருக்காக எழுந்து நிற்கும் உள்ளம், மனிதராய் இருப்பதன் முதல் இலக்கணம் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. விலை, மாண்பு ஆகிய இரண்டுக்கும் காண்ட் கூறும் வேறுபாட்டை உங்கள் ஊரில் நீங்கள் கண்ட நிகழ்வு ஒன்றைக் கொண்டு விளக்குக.

2. உங்கள் பள்ளியிலும் தெருவிலும் நாள்தோறும் உங்களுக்காகப் பணிபுரிவோர் ஐவரின் பெயர்களை அறிந்து, அவர்களோடு உரையாடி, அவ்வுரையாடலை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. கொள்கையை வகுத்தவரே அதனைக் கடைப்பிடிக்கத் தவறினால் அக்கொள்கை மதிப்பிழக்குமா? காண்ட்டின் வாழ்வை முன்வைத்து வகுப்பில் கலந்துரையாடுக.

4. நம் அரசியலமைப்பின் முகப்புரையில் தனிமனிதரின் மாண்பு இடம்பெற்றுள்ளதைக் கண்டறிந்து, அது வலியுறுத்தும் பிற விழுமியங்களோடு ஒப்பிட்டு எழுதுக.